கெம்பி சொன்ன ஆமா

முதல் வரிசை சோபாவில் தையல்நாயகியை உட்கார வைத்துவிட்டு, "இங்கேயே இருங்கம்மா, எங்கேயும் போயிடாதீங்க" என்று சொல்லிப் போனாள் விழாவைத் தொகுத்து வழங்கும் அந்தச் சின்னப் பெண். எங்கே போவது? உட்கார்ந்தால் ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும் சோபா அது. எழுந்திருக்க ரெண்டு பேர் கை கொடுக்கவேண்டும். முதல் வரிசை மரியாதை என்றால் இப்படித்தான், காலும் தரையில் எட்டாது, முதுகும் சாயாது. மேடை முழுக்க வாழைமரமும் சாமந்தியும். பின்னால் சுவர் அகலத்துக்கு அவள் வீட்டுக்காரர் முகம், பேனரில் சிரித்துக்கொண்டு. இந்தச் சிரிப்பை வீட்டில் அவள் பார்த்ததே இல்லை. எந்தப் போட்டோக்காரன் என்ன சொல்லி வாங்கினானோ, அவனுக்கல்லவா பொன்னாடை போத்தவேண்டும். முகத்துக்குக் கீழே பெயர், முனைவர் மெய்கண்டான். அதற்குக் கீழே இன்னும் பெரிதாகப் புத்தகத்தின் பெயர், மாந்த மொழிகளின் பொது இலக்கணம். இங்கிலீஷில் வந்து ஊர் உலகமெல்லாம் சுற்றிய புத்தகம் இப்போதுதான் தமிழுக்கு வருகிறது, அதற்குத்தான் இந்த வாழைமரம். பூமியில் எத்தனை ஆயிரம் மொழி இருந்தாலும் தோலை உரித்தால் உள்ளே ஒரே எலும்புதான் என்று சொல்லும் புத்தகம். எந்த மொழியை எடுத்தாலும் அதில் நான் உண்டு, நீ உண்டு. கேட்க வழி உண்டு. இல்லை என்று மறுக்க வழி உண்டு. அவளுக்கு எல்லாம் மனப்பாடம். கையெழுத்துப் பிரதியைத் திரும்பத் திரும்ப டைப் அடித்தவள் அவள்தானே. முன்னுரையில் அதற்கு நன்றியும் இருக்கிறது, 'வேளாவேளைக்குத் தேநீர் தந்து துணைநின்ற என் துணைவியாருக்கு' என்று. டைப் அடித்ததெல்லாம் தேநீரில் கரைந்து போயிற்று. அந்த வரியையும் அவளேதான் அடித்தாள், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல்.

பக்கத்தில் மகள் குழலி. இந்த விழாவுக்கென்று பெங்களூரிலிருந்து வந்தவள், போனைப் பார்ப்பதும் மேடையைப் பார்ப்பதுமாக இருந்தாள். "அம்மா, அந்த மடிப்பைக் கொஞ்சம் சரி பண்ணிக்கோ. அப்பாவுக்குப் பொன்னாடை போத்தறப்ப உன்னையும் மேலே கூப்பிடுவாங்க. ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணே போத்துவாங்க. மைக்கைக் குடுத்து ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுவாங்க. அழுது வச்சிடாத, என்ன?" அழவா? தையல்நாயகிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். எத்தனை விழாவில் பார்த்திருக்கிறாள்! பேராசிரியர் பெண்டாட்டி ஒருத்தியைக் கைத்தாங்கலாக மேடையேற்றுவார்கள். அகல ஜரிகைத் துணி ஒன்றை ரெண்டு தோளுக்கும் சேர்த்துப் போர்த்தி முடிச்சுப் போடாத குறையாக நிற்க வைப்பார்கள். மைக்கை நீட்டுவார்கள். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, இவர் எனக்கு வாய்ச்சது நான் பண்ணின புண்ணியம் என்பாள். கூட்டம் கைதட்டும். அவரவர் வீட்டில் என்ன நடக்கிறதென்று தெரிந்த பெண்கள்தான் இன்னும் பலமாகத் தட்டுவார்கள். இன்றைக்கு அந்த மைக் இவள் கைக்கு வரப்போகிறது. வரட்டும். பாத்திரம் கழுவும்போதும் கோலத்தை அழிக்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருக்கிறாள். 'இந்தப் புத்தகத்தோட மூணாவது இயல் தப்பு. அதுக்கு அடியில தரையே கிடையாது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.' அவ்வளவுதான். ரெண்டு வார்த்தைக்கு மேலே கொஞ்சம் போகும், போனால் போகட்டும். பொன்னாடை வேண்டாம் என்று கையால் விலக்கிவிட்டுப் படியிறங்கி வந்துவிடவேண்டும். படியிறங்குவதுதான் பயம், மேடைப்படியில் கைப்பிடி இல்லை. முழங்கால் மடங்கி எல்லோர் முன்னாலும் விழுந்து வைத்தால் சொன்னது போய் விழுந்தது நின்றுவிடும். நாக்கு ஒட்டிக்கொண்டது. கைப்பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது, ஆனால் அவருடைய பிரஷர் மாத்திரைக்கு அடியில் போய்க் கிடந்தது.

மூன்றாம் இயல் இல்லாவிட்டால் மெய்கண்டான் இல்லை. மற்ற இயலெல்லாம் வெளிநாட்டில் நாலு பேர் ஏற்கெனவே சொன்னது, இவர் கொஞ்சம் நகாசு பண்ணினார், அவ்வளவே. மூன்றாம் இயல்தான் சொந்தச் சரக்கு. ஒருத்தர் மனசில் ஓடுவதை இன்னொருத்தர் எடுத்துச் சொல்வது, அவளுக்குப் பசிக்கிறது என்று அவன் நினைத்தான், அவன் அப்படி நினைத்தான் என்று நான் நினைத்தேன், இப்படி ஒரு நினைப்பின் வயிற்றுக்குள் இன்னொரு நினைப்பை வைத்துச் சொல்லும் வாக்கியம் மனிதர் பேசும் எல்லா மொழியிலும் இருந்தே தீரும் என்று அடித்துச் சொன்ன இயல். அதெப்படி எல்லா மொழியிலும் என்று அடம் பிடித்தவர்களின் வாயை அடைத்தது தோணிமலை. பஸ் நின்ற இடத்திலிருந்து மூச்சு வாங்க ஏறிப்போனால், மேலே கொஞ்சம் வீடுகளில் கொஞ்சம் பேர் மட்டும் பேசும் ஒரு மொழி. அதில்கூட இருக்கிறது பார் என்று இவர் கொண்டுவந்து காட்டினார். இவருக்குச் சொன்னவள் கெம்பி. சீயக்காயும் கடுக்காயும் விற்கக் கீழே சந்தைக்கு வந்து போவாள், அதனால் தமிழ் தெரியும், அதனால் இவருக்கு அவள் தகவலாளி. அந்த வார்த்தையே தையல்நாயகிக்குப் பிடிக்காது, என்னவோ போலீஸுக்குத் துப்புக் கொடுப்பவள் போல. வேலை நடக்கும் விதம் இப்படி. இவர் பாயில் சம்மணம் போட்டு உட்காருவார். 'அவனுக்குப் பசிக்குதுனு அவ நினைச்சா. இதை உங்க பேச்சுல எப்படிச் சொல்லுவீங்க?' கெம்பி பேசாமல் இருப்பாள். இவருக்குப் பொறுக்காது. கற்றுவைத்த சொற்களை வைத்து இவரே ஒரு வாக்கியம் கட்டி, 'இப்படிச் சொல்லலாமா?' என்பார். கெம்பி அவர் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்ப்பாள். கொஞ்சம் பொறுத்து, 'ஆமா சாரு, சொல்லலாம்' என்பாள். இவர் தலையை ஆட்டிக்கொண்டு ஒரு சரிக்குறி போடுவார். அடுத்த வாக்கியம். ஆமா சாரு, சொல்லலாம். சரிக்குறி. ஒரு மழைக்காலம் முழுக்க இதே கூத்து.

"தோணிமலை தந்த தோன்றல்" என்று மேடையில் யாரோ முழங்கினார். கைதட்டல். சிறப்பு விருந்தினர், வேறு பல்கலைக்கழகத்துக்காரர், வாழ்த்துரையை ஆரம்பித்து நேரமாகிவிட்டது. மூன்றாம் இயலைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். படித்தாரோ இல்லையோ. ஏசி வேலை செய்யவில்லை, மின்விசிறி தூரத்தில் எங்கோ சுற்றுகிறது, பக்கத்து நாற்காலிப் பெண்ணின் மல்லிகை வாடத் தொடங்கிய வாசனை. வாடுகிற மல்லிகையும் ஈரப் பாறையும் எப்படி ஒன்றானதோ, தையல்நாயகி தோணிமலை ஓடைக்கரையில் இருந்தாள். அவர் பாயில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த மத்தியானங்களில் அவள் கெம்பியோடு துணி துவைக்கப் போவாள். எதையும் கேட்பதில்லை, சும்மா கூட இருப்பாள். அன்றைக்குக் கரையில் பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது. "ஏன் கெம்பி இப்படி அழுவுது? பசினு நினைக்குதா?" என்று கேட்டாள் தையல்நாயகி. கெம்பி கல்லில் துணி அடிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "அது நெனைக்கறத நா எப்படிங்க அம்மிணி சொல்றது? அதையத்தான் கேக்கோணும்." பேச்சு தெரியாத குழந்தையை எப்படிக் கேட்பது? "அப்ப சும்மா இருக்கோணும். தூக்கி வச்சுக்கலாம். பாலு குடுத்துப் பாக்கலாம். அது மனசுல இன்னது இருக்குதுன்னு நா சொல்லப்புடாது. அடுத்தவங்க மனசுக்குள்ள பூந்து எடுத்துச் சொன்னா அது திருட்டுங்க அம்மிணி. எங்காளுக அப்படிப் பேச மாட்டாங்க." தையல்நாயகி கையிலிருந்த சோப்பைக் கல்லில் வைத்தாள். "அப்ப அவர் கேட்ட எல்லாத்துக்கும் ஆமா ஆமானு சொன்னியே?" கெம்பி சிரித்தாள். "அத்தன தூரம் நடந்து வந்து உக்காந்துருக்கறாரு. வந்தவரு மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்லுவாங்களா? ஆமான்னு சொன்னா அவருக்கு சந்தோசமா இருக்குது." சொல்லிவிட்டு மறுபடி துணியை அடிக்க ஆரம்பித்தாள். குழந்தை தானாகவே அழுகையை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்தது.

இதைச் சொல்லவில்லையா அவள்? சொன்னாள். அன்றே சொன்னாள், மலையிறங்கி வருகிற பஸ்ஸில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிரட்டிய போதும் ஒன்று விடாமல் சொன்னாள். அவரும் கேட்டார். முழுசாகக் கேட்டுவிட்டு, "அவ சும்மா உன்கிட்ட விளையாடியிருக்கா" என்றார். "அவ பேசறா, சரி. அவ பேச்சைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்?" என்றார். மனுஷன் என்ன தைரியமாகச் சொன்னார்! அதோடு விட்டாரா? "நீ இப்படி ஓடைக்கரையில உக்காந்து கதை பேசி என் தகவலாளியைக் கெடுத்துடாத, தையலு. நாளையிலேர்ந்து கீழ லாட்ஜ் ரூம்லயே இரு. உனக்கும் அலைச்சல் பிடிக்கலை, எனக்குத் தெரியும்." எனக்குத் தெரியும். உனக்கு அலைச்சல் பிடிக்கலை. அவளுக்கு அலைச்சல் பிடித்திருந்தது. வாழ்க்கையிலேயே பிடித்தது அந்த மழைக்கால அலைச்சல் ஒன்றுதான், அட்டை கடித்த காலோடு. ஆனால் சரி என்று அறையிலேயே இருந்தாள். அவர் மட்டும் போய் மிச்ச வாக்கியங்களுக்கும் சரிக்குறி வாங்கி வந்தார். அவளும் அதே துறையில் படித்தவள், இதைச் சொன்னால் இந்த அரங்கத்தில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். பேச்சுப் பழகும் குழந்தைகள் 'மாட்டேன்', 'வேணாம்' என்பதை எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்பது அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி. எந்த ஊர்க் குழந்தையாக இருந்தாலும் மறுப்பு சீக்கிரமே வந்துவிடுகிறது, உதட்டைப் பிதுக்கி, தலையை ஆட்டி, சோற்றைத் துப்பி. அவள் வயிற்றில் குழலி வந்தாள். "குழந்தை பிறந்தப்புறம் மெதுவா முடிச்சுக்கலாம், உனக்கும் இப்ப முடியாது, இல்லையா?" ஆமா. "இந்தக் காலேஜ் வேலைக்கு நீ போனா வீட்ல நிம்மதி இருக்காதுனு உனக்கே தோணுது, இல்லையா?" ஆமா. அவளுடைய அம்மா படுக்கையில் விழுந்த வாரம் அவருக்கு ஒரு கருத்தரங்கு, டைப் அடித்து முடிக்கவேண்டிய கட்டுரை மேஜையில். "நீ இப்ப உடனே ஓடி வரணும்னு அவங்க நினைக்கமாட்டாங்க. புரிஞ்சுப்பாங்க." அம்மா என்ன நினைத்தாள் என்று அம்மாவைக் கேட்டவர் யார்? அவள் போய்ச் சேர்ந்தபோது கேட்கும் நிலையில் அம்மா இல்லை. கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

தையல்நாயகி முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். குழலி திரும்பி, "என்னம்மா, வேர்க்குதா?" என்று கேட்டுத் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். நல்ல பெண். அப்பா என்றால் உயிர். மேடையில் அம்மா வாயைத் திறந்த அடுத்த நிமிஷம் இந்த முகம் என்ன ஆகும்? அந்த ஒரு முகத்துக்காகத்தானே இத்தனை காலம் வாயை மூடியது என்று சொல்லிக்கொள்ளலாம், அதுவும் உண்மை இல்லை. குழலிக்காக இல்லை. பிறகு எதற்காக? தெரியவில்லை. பழக்கம். உப்புப் போட்டோமா இல்லையா என்று யோசிக்காமலே கை உப்பைப் போட்டுவிடுகிறதே, அப்படி வாய் ஆமா போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. அவர் என்ன ஆவார்? மேடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால்? மாத்திரை இவள் பையில். புருஷனைக் கவிழ்க்கவும் இவளே, மாத்திரை கொடுக்கவும் இவளே, நன்றாக இருக்கிறது பிழைப்பு. அதோ, மேடையில் நடு நாற்காலியில் உட்கார்ந்து ஒருதரம் இவளைப் பார்த்தார். சும்மா பார்த்தாரா, ஏதோ நினைத்துத்தான் பார்த்தாரா? இவள் ஏதோ சொல்லிவிடப் போகிறாள் என்று அவர் பயப்படுகிறார் என்று இவளுக்குத் தோன்றியது. பயப்படுகிறார் என்று இவள் நினைப்பது அவருக்குத் தெரியும் என்றும் தோன்றியது. சேச்சே, இவளும் அவர் மாதிரியே ஆகிவிட்டாள், அடுத்தவர் மண்டைக்குள் அடுக்கடுக்காகப் புகுந்து பார்த்துக்கொண்டு. கெம்பி இருந்தால் இதெல்லாம் என்ன கர்மம் என்பாள், போய் அவரையே கேளு என்பாள். கெம்பி இப்போது இருக்கிறாளா? அதையும் யாரும் போய்க் கேட்கவில்லை. கடைசிப் பதிப்பு வரைக்கும் அவள் பெயர் ஒரு அடிக்குறிப்பில் இருக்கிறது, ஊர்ப்பெயரோடு சேர்த்து, பொடி எழுத்தில். பரவாயில்லை, அவள் தேநீர்கூடக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை, பெயராவது கிடைத்தது. வயிறு எரிந்தது. நிஜமாகவே எரிந்தது, மத்தியானம் அவசரத்தில் சரியாகச் சாப்பிடவில்லை.

தட்டு வந்தது. பெரிய வெள்ளித் தட்டில் மாலையும் மடித்து வைத்த ஜரிகைத் துணியும், பார்க்கும்போதே கழுத்தை அறுக்கும் போல விறைப்பாக. தொகுப்பாளர் பெண் மைக்குக்கு வந்து குரலைச் செருமினாள். "அடுத்ததாக, நம் பேராசிரியர் பெருந்தகைக்குப் பொன்னாடை போர்த்திச் சிறப்புச் செய்ய" என்று இழுத்தாள். தையல்நாயகி சோபாவின் விளிம்புக்கு நகர்ந்து ரெண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். மூணாவது இயல் தப்பு, அதுக்கு அடியில தரையே கிடையாது. மூணாவது இயல் தப்பு. இத்தனை வருஷமாக எங்கேயோ மடங்கிக் கிடந்த ஒரு 'இல்லை' எழுந்து வந்து பல்லுக்குப் பின்னால் நிற்கிறது, கதவு திறந்தால் போதும். குழலி கையைப் பிடித்து அழுத்தினாள். சிறப்பு விருந்தினரை அழைத்தாள் அந்தப் பெண். துறைத் தலைவரை அழைத்தாள். மெய்கண்டான் எழுந்து கைகூப்பி நின்றார். துணியை உதறிப் போர்த்தினார்கள், அவர் ஒருவருக்கு. படம் எடுத்தார்கள், எல்லோரும் இந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தார்கள். துணி அகலமான துணிதான், இன்னொருத்தர் நிற்க இடம் இருந்தது, அது அவர் இடது தோளிலிருந்து வழிந்து தொங்கியது. "அடுத்ததாக, நினைவுப் பரிசு" என்றாள் பெண். தையல்நாயகி பாதி எழுந்தவள் அப்படியே இருந்தாள். பின்னால் யாரோ, "அம்மா, மறைக்குது, கொஞ்சம் உக்காருங்க" என்றார்கள். உட்கார்ந்தாள். சோபா பழையபடி உள்ளே இழுத்துக்கொண்டது. "என்னம்மா இது, உன்னைக் கூப்பிடாம விட்டுட்டாங்க? மறந்துட்டாங்களா? நான் போய்ச் சொல்லவா?" என்று குழலி கோபமாகக் கேட்டாள். வேண்டாம் என்று கையைக் காட்டினாள் அம்மா. கூப்பிடவில்லை. கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல ஒரு ஆயுசு முழுக்கத் தயாராகி வந்தவளைக் கூப்பிடவே இல்லை. கேள்வி கேட்காத இடத்தில் மறுப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது? எந்த இலக்கணத்தில் இடம் இருக்கிறது அதற்கு? தானாக ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கலாம். பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பாவம், வயசாகிவிட்டது, என்னவோ உளறுகிறாள் என்று தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பார்கள்.

பிறகு அவர் ஏற்புரை. தோளில் துணியை ஏற்றி ஏற்றி விட்டுக்கொண்டு பேசினார். குரல் நன்றாக இருந்தது, எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். தோணிமலைக்கு வந்தார். "கெம்பி என்று ஒரு அம்மையார்" என்றார். "எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் எத்தனை சிக்கலான வாக்கியத்தை நீட்டினாலும், ஒரு கணம் அடுப்பைப் பார்ப்பார், உடனே ஆமாம் சார், சொல்லலாம் என்பார். ஒருமுறைகூட இல்லை என்று சொன்னதில்லை! இயற்கை அவர் நாவில் எழுதி வைத்த இலக்கணம் அது!" அரங்கம் எழுந்து தட்டாத குறை. தையல்நாயகியும் தட்டினாள். கை தானாகத் தட்டியது, அதைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஒருமுறைகூட இல்லை என்று சொல்லாத ஒரு பெண்ணைப் பார்த்தால் மொழி படித்த மனுஷனுக்குச் சந்தேகம் வரவேண்டாமா? இல்லை என்று சொல்லத் தெரியாத மொழி உலகத்தில் கிடையாது என்று இவரே முதல் இயலில் எழுதியிருக்கிறாரே. நன்றியுரையில் அரங்கம் தந்தவர், ஒலிபெருக்கிக்காரர், சிற்றுண்டி தந்தவர், வாழைமரம் கட்டியவர் எல்லோருக்கும் நன்றி சொன்னார்கள். நாட்டுப்பண்ணுக்கு எல்லோரும் எழுந்து நின்றபோது ரெண்டு பேர் கை கொடுத்து அவளையும் எழுப்பினார்கள்.

காரில் குழலி முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் அவர்கள் ரெண்டு பேரும், நடுவில் மாலையும் பரிசும். மாலையின் ஈரம் அவள் புடவையை நனைத்தது. தண்ணீர் பாட்டிலையும் மாத்திரையையும் எடுத்துக் கொடுத்தாள். விழுங்கிவிட்டு அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு, "அந்தத் தொகுப்பாளர் பொண்ணு காலையிலேயே போன் பண்ணி, அம்மாவையும் மேடைக்குக் கூப்பிடறோம் சார்னு கேட்டுச்சு. வேணாம்னுட்டேன்" என்றார்.

"ஏம்ப்பா?" என்று குழலி திரும்பினாள். "நான் மறந்துட்டாங்கன்னுல்ல நினைச்சேன்!"

"உங்கம்மாவை எனக்குத் தெரியாதா? மேடைன்னாலே கூச்சம். அத்தனை பேர் முன்னாடி மைக்கைக் குடுத்தா தவிச்சுப் போயிடுவா. அவளுக்கு இதெல்லாம் பிடிக்காதும்மா." பாசமாகத்தான் சொன்னார். அதுதான் கொடுமை, பாசமாகவே சொன்னார். சொல்லிவிட்டுத் தோளில் இன்னும் கிடந்த அந்த விறைப்பான துணியின் ஒரு ஓரத்தை எடுத்து அவள் மடியில் விட்டார், குளிருக்குப் போர்த்துவது போல.

தையல்நாயகி பல்லுக்குப் பின்னால் தேடிப் பார்த்தாள். சாயங்காலம் முழுக்க அங்கே எழுந்து நின்ற அந்த ஒன்று இருக்கிறதா என்று. இல்லை. அவளுடைய மறுப்பையும் அவரே காலையில் போனில் சொல்லி முடித்துவிட்டார், அவளுக்கு என்று அதைக்கூட மிச்சம் வைக்கவில்லை. உள்ளே நுழைந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார், கதவு தட்டாமல். இத்தனை காலம் கெம்பி ஆமா சொன்னது மரியாதையால் என்று நினைத்திருந்தாள். வந்தவர் முகம் வாடக்கூடாதே என்று. இப்போது கார் ரயில்வே கேட்டில் நின்றிருக்க, அந்த அடுப்பைப் பார்த்த பார்வை அவளுக்கு முழுசாக விளங்கியது. மரியாதை என்பது கெம்பி இவளுக்காகச் சொன்ன சமாதானம். அந்த ஆமா வெறும் அலுப்பு. கேட்கிறவருக்குப் பதில் வேண்டியதில்லை என்று தெரிந்துபோன அலுப்பு. அன்று ஓடைக்கரையில் அவளுக்கு வராத அழுகை இப்போது வந்தது, கண் வரைக்கும் வந்து நின்றது.

"மொத்தத்துல" என்றார் மெய்கண்டான், கேட் எப்போது திறக்கும் என்று எட்டிப் பார்த்துக்கொண்டே, "மொத்தத்துல விழா நல்லா நடந்துச்சுனு சொல்லலாம், இல்லையா தையலு?"

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து, "ஆமா, சொல்லலாம்" என்றாள்.

அவர் திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.